வேலையை விட்டபின் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற ஷரத்து நீதிமன்றத்தில் செல்லுமா?

ஆதிரை (கேள்வி):

வணக்கம். தொழிற்சாலைகளுக்கான அளவீட்டுக் கருவிகளைத் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் வடிவமைப்புப் பொறியாளராகப் பணிபுரிந்து வருகிறேன். அதே துறையைச் சேர்ந்த வேறொரு நிறுவனம் இப்போது எனக்கு வேலை தர முன்வந்திருக்கிறது. சேர்வதென்று ஏறக்குறைய முடிவெடுத்துவிட்டேன். அந்த நிலையில் பழைய பணி ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தபோதுதான் கவலை பிறந்தது. பணியிலிருந்து விலகிய நாள் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு, உலகின் எந்தப் பகுதியிலும், நிறுவனத்தோடு நேரடியாகவோ மறைமுகமாகவோ போட்டியிடும் எந்தத் தொழிலிலும் நான் ஊழியராகவோ, ஆலோசகராகவோ, பங்கு வைத்திருப்பவராகவோ ஈடுபடக் கூடாது என்கிறது அதிலுள்ள ஒரு ஷரத்து. அந்த இரண்டு ஆண்டுகளுக்கு எனக்கு ஏதேனும் தொகை தரப்படும் என்று எங்கும் குறிப்பிடப்படவில்லை. நிறுவனத்தின் ரகசியங்களை வெளியிடக் கூடாது, வாடிக்கையாளர்களையும் சக ஊழியர்களையும் இழுத்துக்கொண்டு போகக் கூடாது, குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்று தனித்தனி ஷரத்துகளும் அடுத்தடுத்து வருகின்றன.

நண்பர்களிடம் விசாரித்ததில் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. அது வெறும் காகிதம், எந்த நீதிமன்றமும் அதை ஏறிட்டும் பார்க்காது என்றார் ஒருவர். வேறு நாட்டில் இருக்கும் இன்னொருவர், தம் மேலாளர் இதே போன்ற ஷரத்தின் காரணமாக ஆறு மாதம் எந்த வேலைக்கும் போக முடியாமல் வீட்டில் இருந்தார் என்கிறார். மூன்றாமவரோ, தமக்குத் தடை இருந்த காலம் முழுவதும் பழைய நிறுவனம் பாதிச் சம்பளம் கொடுத்துவந்தது என்று சொல்கிறார். ஒரே விதமான வாசகத்துக்கு இப்படி மூன்று விளைவுகள் எப்படி ஏற்படுகின்றன? இந்த ஷரத்து எங்கே செல்லும், எங்கே செல்லாது, எதைப் பார்த்து அதை முடிவு செய்கிறார்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன். என்னை அடையாளம் காண முடியாதிருக்க வேண்டும் என்பதால் நான் பணிபுரியும் நாட்டைக் குறிப்பிடவில்லை. பொதுவான கொள்கை புரிந்தால் போதும். உள்ளூர் வழக்கறிஞரைத் தனியாகப் பார்க்கத்தான் போகிறேன்.

நடுவெளி (வழக்கறிஞர்):

உங்கள் நண்பர்கள் மூவரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஊழியர் போட்டித் தடை ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை உலகின் சட்டங்கள் ஏறத்தாழ மூன்று வழிகளில் பிரிந்து நிற்கின்றன. மூவரும் ஆளுக்கொரு வழியில் இருப்பவர்கள்.

முதல் வழி, அடியோடு செல்லாது என்பது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, ஒருவர் சட்டப்படியான தொழிலையோ வணிகத்தையோ செய்வதைத் தடுக்கும் எந்த ஒப்பந்தமும் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. தொழிலை அதன் நற்பெயரோடு சேர்த்து விற்பவர், வாங்கியவருக்கு எதிராக ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் அதே தொழிலை நடத்த மாட்டேன் என்று ஒப்புக்கொள்வது மட்டுமே அந்தப் பிரிவு தரும் விதிவிலக்கு. மலேசியாவின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்திலும் 28-ஆவது பிரிவாக இதே வாசகம் இருக்கிறது. இதே கொள்கையுடைய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலச் சட்டமும் அதே 1872-இல் பிறந்தது. இந்த ஒற்றுமை தற்செயலானதல்ல. நியூயார்க் மாநிலத்துக்காக வழக்கறிஞர் டேவிட் டட்லி ஃபீல்டு தயாரித்த சட்ட வரைவே இந்திய, கலிபோர்னியச் சட்டங்களில் உள்ள இந்த விதிக்கு மூலம். நியூயார்க் அந்த வரைவை ஏற்கவில்லை. ஆனால் ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத இரண்டு நிலப்பரப்புகளில் அது வேர்விட்டு, இன்று வரை ஊழியர்களைக் காத்து நிற்கிறது. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும்.

இந்திய உச்ச நீதிமன்றம் இதில் ஒரு கோட்டைத் தெளிவாக வரைந்திருக்கிறது: பணிக்காலத்துக்குள் விதிக்கும் தடை வேறு, பணி முடிந்தபின் விதிக்கும் தடை வேறு. 1967-இல் செஞ்சுரி ஸ்பின்னிங் நிறுவனம் தொடர்பான வழக்கில், ஐந்தாண்டு ஒப்பந்தத்தை இடையிலேயே முறித்துக்கொண்டு போட்டி நிறுவனத்துக்குச் சென்ற ஊழியர் மீதான தடையை நீதிமன்றம் உறுதி செய்தது. டயர் நூல் தயாரிப்பு தொடர்பான, வெளிநாட்டுக் கூட்டாளியிடமிருந்து பெற்ற தொழில்நுட்ப ரகசியம் அவருக்குத் தெரியும் என்பதோடு, அந்தத் தடை ஒப்பந்தக் காலத்துக்குள்ளேயே அடங்கியது என்பதும் அந்தத் தீர்ப்புக்குக் காரணம். 1980-இல் சூப்பரின்டென்டன்ஸ் கம்பெனி வழக்கில் தனித் தீர்ப்பு எழுதிய நீதிபதி ஏ.பி. சென், பணி முடிந்தபின் வரும் தடை நியாயமானதா என்ற ஆராய்ச்சிக்கே 27-ஆவது பிரிவு இடம் தரவில்லை என்றார். கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானுக்கும் பெர்செப்ட் டி மார்க் நிறுவனத்துக்கும் இடையிலான 2006-ஆம் ஆண்டு வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதே நிலைப்பாட்டை எடுத்தது. ஆகவே உங்களுடையதைப் போன்ற ஷரத்து இந்தியச் சட்டத்துக்கு உட்பட்டதாக இருந்தால், வெறும் போட்டியைக் காரணம் காட்டி, விலகியபின் உங்களைத் தடுப்பது மிகவும் கடினம்.

இரண்டாவது வழி, நியாயமான அளவுக்குச் செல்லும் என்பது. இங்கிலாந்தும், அதன் வழிவந்த சிங்கப்பூர் போன்ற நாடுகளும், அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களும் இதில் அடங்கும். 1414-இல் ஒரு சாயத் தொழிலாளியை அரையாண்டுக்கு அதே ஊரில் தொழில் செய்யவிடாமல் தடுக்க முயன்ற வழக்கை இங்கிலாந்து நீதிபதி கடும் கோபத்தோடு தள்ளினார். 1711-ஆம் ஆண்டின் மிட்செல் வழக்கில்தான் இடம், காலம், காரணம் ஆகியவற்றைப் பார்த்து நியாயமான தடையை ஏற்கலாம் என்ற கருத்து நிலைபெற்றது. 1894-இல் நார்டன்ஃபெல்ட் வழக்கில் உலகம் முழுவதற்கும் 25 ஆண்டுகளுக்கு விதித்த தடையைக்கூட, அப்போது இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் விளங்கிய பிரபுக்கள் சபை ஏற்றது. ஆனால் அது பெருந்தொகை பெற்றுக்கொண்டு ஆயுதத் தொழிலை விற்றவர் மீது விதித்த தடை. ஊழியர் நிலை வேறு என்பதை 1916-இல் ஹெர்பர்ட் மோரிஸ் நிறுவனத்தின் வழக்கில் அதே சபை அழுத்தமாகச் சொன்னது. பாரம் தூக்கும் இயந்திரங்களைத் தயாரித்த அந்த நிறுவனம் தன் பொறியாளரை ஏழு ஆண்டுகளுக்குத் தடுக்க விரும்பியது. வேலையினூடே ஒருவர் வளர்த்துக்கொள்ளும் திறமையும் பொது அறிவும் அவருடைய சொத்து. போட்டியே வரக் கூடாது என்று விரும்புவதற்கு முதலாளிக்கு உரிமை இல்லை. வர்த்தக ரகசியம், வாடிக்கையாளர் தொடர்பு போன்ற காக்கத்தக்க நலன் ஏதேனும் இருந்தால் மட்டுமே தடை கேட்க முடியும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள இரண்டு ஆண்டு, உலகம் முழுவதும் என்ற அளவு ஒரு வடிவமைப்புப் பொறியாளருக்கு அதிகம் என்றே இந்த வழியைப் பின்பற்றும் நீதிமன்றம் பெரும்பாலும் கருதும்.

ஆனால் அதிகம் என்பதாலேயே முழுவதும் விழுந்துவிடும் என்று எண்ணிவிட வேண்டாம். 2019-இல் ஈகான் சென்டர் என்ற ஆள்சேர்ப்பு நிறுவனத்தின் வழக்கில், போட்டி நிறுவனத்தில் சிறு பங்குகூட வைத்திருக்கக் கூடாது என்று பொருள்படும் இரண்டு சொற்களால் ஆறு மாதத் தடை முழுவதுமே செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கருதியிருந்தது. இங்கிலாந்து உச்ச நீதிமன்றமோ அந்தச் சொற்களை மட்டும் அடித்துவிட்டு, எஞ்சியதைச் செல்லத்தக்கதாக்கியது. உங்கள் ஷரத்திலும் பங்கு வைத்திருப்பவர் என்ற சொல் இருப்பதால் இதைச் சொல்கிறேன். அடித்தபின் எஞ்சும் வாசகம் புதிதாக எதையும் சேர்க்காமல் தானாக நிற்க வேண்டும், ஒப்பந்தத்தின் மொத்தப் பொருளும் பெரிதாக மாறக் கூடாது என்பது அங்கே நிபந்தனை. அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில் நீதிபதியே இரண்டு ஆண்டை ஆறு மாதமாகக் குறைத்துத் திருத்தியும் தருவார்.

மூன்றாவது வழி, தடுக்க விரும்பினால் பணம் கொடு என்பது. ஜெர்மனியின் வணிகச் சட்டத் தொகுப்பின்படி தடை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் போக முடியாது; தடைக்காலத்தில் கடைசியாகப் பெற்றுவந்த ஊதியத்தில் குறைந்தது பாதியையாவது தர வேண்டும். தொகையே குறிப்பிடப்படாவிட்டால் ஷரத்து செல்லாது. பாதிக்குக் குறைவாகக் குறிப்பிட்டிருந்தால், தடையை ஏற்றுத் தொகையைப் பெறுவதா, தடையை உதறுவதா என்று ஊழியரே தேர்ந்துகொள்ளலாம். பிரான்சில் 2002 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புகளுக்குப் பிறகு ஈட்டுத்தொகை இல்லாத தடை செல்லாது. 2008 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள சீனத் தொழிலாளர் ஒப்பந்தச் சட்டம், உயர் நிர்வாகிகள், உயர் தொழில்நுட்பப் பணியாளர்கள், ரகசியம் காக்கும் பொறுப்புள்ளவர்கள் ஆகியோரை மட்டுமே, அதுவும் இரண்டு ஆண்டுகளுக்குள், மாதந்தோறும் தொகை கொடுத்துத் தடுக்க அனுமதிக்கிறது. உங்கள் மூன்றாவது நண்பர் இப்படிப்பட்ட ஏதோ ஒரு நாட்டில் இருப்பவராக இருக்க வேண்டும். என் தனிப்பட்ட கருத்தில் மூன்றில் நேர்மையானது இதுதான். ஒருவர் வீட்டில் இருப்பது தனக்கு நன்மை என்று கருதும் நிறுவனம், அந்த நன்மைக்கு விலை கொடுக்கத்தான் வேண்டும். விலை கொடுக்க வேண்டும் என்றவுடன், பல தடைகள் தேவையற்றவை என்பதை நிறுவனங்கள் தாமாகவே உணர்ந்துவிடுகின்றன.

ஓரச்சு (சிறு நிறுவன உரிமையாளர்):

மேலே உள்ள விளக்கம் மிகவும் பயனுள்ளது. முதலாளி தரப்பிலிருந்தும் ஒரு குரல் இருக்கட்டும் என்று எழுதுகிறேன். எங்களைப் போன்ற சிறு நிறுவனங்கள் இந்த ஷரத்தை எழுதுவதெல்லாம் ஊழியரைக் கட்டிப்போடுவதற்காகத்தான் என்று எண்ணுவது சரியல்ல. ஒரு தயாரிப்பை உருவாக்க ஆண்டுக்கணக்கில் செலவழித்த பின், அதன் தோல்விகள் முழுவதையும் அறிந்த ஒருவர் போட்டி நிறுவனத்துக்குப் போனால், எதைச் செய்ய வேண்டாம் என்ற அறிவே அவர்களுக்கு இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. அவர் ஒரு கோப்பைக்கூட எடுத்துச் செல்லத் தேவையில்லை. இந்த அச்சம் உண்மையானது. நீதிமன்றங்களும் இதைப் புரிந்துகொண்டதுண்டு. 1995-இல் பெப்சிகோ நிறுவனம் தொடுத்த வழக்கில், போட்டித் தடை ஷரத்தே இல்லாதபோதும், ரகசியக் காப்பு ஒப்பந்தம் மட்டும் இருந்த நிலையில், புதிய பதவியில் அந்த ரகசியங்களைப் பயன்படுத்தாமல் இருக்கவே முடியாது என்று கூறி அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு நிர்வாகியைச் சில மாதங்கள் தடுத்து வைத்தது. கலிபோர்னிய நீதிமன்றங்கள் இந்தக் கோட்பாட்டை ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எனினும், இந்த ஷரத்தை வாயிற்காவலர் முதல் வடிவமைப்புத் தலைவர் வரை எல்லோருடைய ஒப்பந்தத்திலும் ஒரே வாசகமாக ஒட்டிவிடும் பழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்காவில் ஜிம்மி ஜான்ஸ் என்ற உணவக நிறுவனம் சாண்ட்விச் தயாரிக்கும் ஊழியர்களிடம்கூட இப்படிக் கையெழுத்து வாங்கியிருந்தது. 2016-இல் நியூயார்க், இல்லினாய் மாநிலங்களின் தலைமை வழக்கறிஞர்கள் தலையிட்ட பிறகே அதைக் கைவிட்டது. யாருக்கு வேண்டுமானாலும் போடலாம் என்று போட்ட ஷரத்து, உண்மையிலேயே தேவைப்படும் நாளில் நீதிபதியின் முன் மதிப்பிழந்து நிற்கும். காக்க வேண்டிய நலன் எது என்று எழுதுபவருக்கே தெரியாதபோது நீதிபதிக்கு எப்படித் தெரியும்?

எங்கள் நிறுவனத்தில் போட்டித் தடையை விட்டுவிட்டு மூன்று காரியங்களைச் செய்கிறோம். எது ரகசியம் என்பதை ஆவணத்திலேயே குறித்து, அதைப் பார்க்கும் அனுமதியைத் தேவைப்படுவோருக்கு மட்டும் தருகிறோம். முக்கியப் பொறுப்பில் உள்ளவர்களுக்கு நோட்டீஸ் காலத்தை நீட்டி, ராஜினாமாவுக்குப் பின் அந்தக் காலம் முழுவதும் சம்பளத்தோடு வேலையிலிருந்து விலக்கி வைக்கிறோம். இதைத்தான் கார்டன் லீவ் என்பார்கள். அந்தக் காலத்தில் அவர் இன்னும் எங்கள் ஊழியர் என்பதால், வேறு இடத்தில் வேலை செய்யக் கூடாது என்று சொல்வதற்கு வலுவான அடிப்படை இருக்கிறது. அதற்குள் அவர் அறிந்த விலைப்பட்டியலும் திட்டங்களும் பழையனவாகிவிடுகின்றன. மூன்றாவதாக, விலகுபவரோடு உட்கார்ந்து, எதை எடுத்துச் செல்லலாம், எதை எடுத்துச் செல்லக் கூடாது என்று பேசிவிடுகிறோம். வழக்கறிஞர் நோட்டீஸை விட இந்தப் பேச்சே எங்களை அதிகம் காத்திருக்கிறது.

தென்னங்கீற்று:

செல்லுமா, செல்லாதா என்ற கேள்வியோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. செல்லாத ஷரத்தும் ஏன் இத்தனை வலிமையோடு வேலை செய்கிறது?

நான் முன்பு பணிபுரிந்த ஒரு நிறுவனத்திலிருந்து விலகி அதே துறையில் வேறிடத்தில் சேர்ந்தபோது, பழைய நிறுவனத்திடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. எனக்கு வந்ததைவிடப் புதிய நிறுவனத்தின் எச்.ஆர். பிரிவுக்கும் அதன் நகல் போனதே என்னை அதிகம் பாதித்தது. எந்த நீதிமன்றத்திலும் எந்த வழக்கும் தாக்கல் ஆகவில்லை. ஆனாலும் விஷயம் தெளிவாகும் வரை பணியில் சேர வேண்டாம் என்று புதிய நிறுவனம் சொல்லிவிட்டது. பழைய இடத்தில் ரிலீவிங் லெட்டரை நிறுத்தி வைத்திருந்தார்கள். சட்டம் முழுவதும் என் பக்கம் இருந்தது. சம்பளம் மட்டும் எந்தப் பக்கத்திலிருந்தும் வரவில்லை. இறுதியில் என் வழக்கறிஞர் தெளிவான பதில் ஒன்றை அனுப்பிய பிறகு பழைய நிறுவனம் மௌனமாகிவிட்டது, நானும் பணியில் சேர்ந்தேன். அந்தப் பதிலை முதல் நாளே அனுப்பாதவாறு என்னைத் தடுத்தது அச்சம் ஒன்றுதான்.

இது என் ஒருவனுடைய அனுபவம் மட்டுமல்ல. 2014-இல் அமெரிக்க ஊழியர்களிடையே சட்டத்துறை, பொருளாதாரத்துறை ஆய்வாளர்கள் நடத்திய பெரிய கருத்தாய்வில், ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இத்தகைய ஷரத்துக்கு உட்பட்டிருந்தார். இவை செல்லவே செல்லாத கலிபோர்னியாவிலும் விகிதம் ஏறத்தாழ அதுவாகவே இருந்தது. மூன்றில் ஒரு பங்கினருக்கு, வேலையை ஏற்றுக்கொண்ட பிறகே அந்தத் தாள் நீட்டப்பட்டிருக்கிறது. பழைய வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பவரிடம் நீட்டப்படும் தாளில் பேரம் பேச என்ன இருக்கிறது? இதனால்தான் கலிபோர்னியா 2024 ஜனவரி முதல் ஒரு படி மேலே போய், செல்லாத ஷரத்தை ஒப்பந்தத்தில் எழுதுவதையே சட்டவிரோதமாக்கி, ஏற்கெனவே கையெழுத்திட்டவர்களுக்கு அது செல்லாது என்று எழுத்துமூலம் தெரிவிக்குமாறு நிறுவனங்களுக்குக் கட்டளையிட்டது. செல்லாது என்று சட்டப் புத்தகத்தில் இருப்பது போதாது, அது ஊழியருக்குத் தெரிய வேண்டும் என்பதை உணர்ந்து இயற்றப்பட்ட சட்டம் அது.

ஆதிரை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நடுவெளி ஐயாவிடம் இன்னும் சில ஐயங்கள் உள்ளன. என் ஒப்பந்தத்தில், நிறுவனத்தின் தலைமையகம் உள்ள நாட்டின் சட்டமே பொருந்தும், வழக்கு அங்கேதான் நடக்கும் என்று எழுதியிருக்கிறது. நான் பணிபுரிவது வேறு நாட்டில். இதில் எந்தச் சட்டம் மேலோங்கும்? போட்டித் தடை செல்லாவிட்டாலும், வாடிக்கையாளர், பயிற்சிச் செலவு பற்றிய மற்ற ஷரத்துகள் என்ன ஆகும்? அமெரிக்காவில் இத்தகைய ஷரத்துகளை நாடு முழுவதும் தடை செய்துவிட்டார்கள் என்று ஒரு செய்தியில் படித்தேனே, அது நடைமுறையில் இருக்கிறதா?

நடுவெளி (வழக்கறிஞர்):

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். இல்லை, நடைமுறையில் இல்லை. அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2024 ஏப்ரல் 23 அன்று அப்படியொரு விதியைக் கொண்டுவந்தது உண்மை. அது நடப்புக்கு வருவதற்கு முன்பே, ஆகஸ்ட் 20 அன்று டெக்சாஸில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று விதியை ரத்து செய்தது. மேல்முறையீட்டையும் ஆணையம் 2025 செப்டம்பரில் கைவிட்டுவிட்டது. ஆகவே அங்கே இன்றும் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறுகிறது. கலிபோர்னியா, வடக்கு டகோட்டா, ஓக்லஹோமா ஆகியவை நெடுங்காலமாகவே மறுக்கின்றன. 2023 ஜூலை 1 முதல் கையெழுத்தாகும் ஒப்பந்தங்களுக்கு மினசோட்டாவும் மறுக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2021 அக்டோபர் 25 முதல், உயர் நிர்வாகிகள் போன்ற சில விலக்குகளோடு தடை செய்துள்ளது.

எந்தச் சட்டம் பொருந்தும் என்பதுதான் உங்கள் கேள்விகளில் கடினமானது. ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதே இறுதி என்று நிறுவனங்கள் நம்ப விரும்பும். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில், சட்டத்தைத் தேர்வு செய்யும் ஷரத்து எதுவாக இருந்தாலும், ஒருவர் வழக்கமாகப் பணிபுரியும் நாட்டின் கட்டாயச் சட்டங்கள் அவருக்குத் தரும் பாதுகாப்பைப் பறிக்க முடியாது. கலிபோர்னியாவில் வசித்துப் பணிபுரியும் ஊழியர், வேறு மாநிலத்தின் சட்டத்தைத் திணிக்கும் ஷரத்தை, தமக்கென்று வழக்கறிஞரை வைத்துக்கொண்டு பேரம் பேசியிருந்தால் ஒழிய, 2017 ஜனவரி 1 முதல் ஏற்பட்ட ஒப்பந்தங்களில் உதறிவிடலாம். மற்ற பல இடங்களில் இது நீதிமன்றத்தின் பொதுக்கொள்கையைப் பொறுத்தது. உங்கள் வழக்கறிஞரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியாக இதையே வைத்துக்கொள்ளுங்கள்; மற்ற எல்லா விடைகளும் இதன் மேல்தான் நிற்கின்றன.

மற்ற ஷரத்துகளுக்கு வருவோம். ரகசியக் காப்பு ஷரத்து ஏறத்தாழ எல்லா நாடுகளிலும் செல்லும். போட்டித் தடை செல்லாத நாடுகளில் நிறுவனங்கள் கையில் எடுக்கும் உண்மையான ஆயுதமும் இதுதான். வழக்குகளில் ஊழியர்கள் தோற்பது பெரும்பாலும் வேலை மாறியதால் அல்ல. விலகுவதற்குச் சில நாட்களுக்கு முன் அலுவலகக் கோப்புகளைத் தம் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொண்டதால். நினைவுக்காக, மாதிரிக்காக என்று நல்லெண்ணத்தோடு எடுத்ததுகூட நீதிபதியின் முன் வேறு தோற்றம் கொள்ளும். ஒரு வரைபடத்தைக்கூட எடுக்காதீர்கள். அதே நேரத்தில், நிறுவனத்தின் கணினியிலிருந்து எதையும் அழிக்கவும் செய்யாதீர்கள்.

வாடிக்கையாளரை அணுகக் கூடாது என்ற ஷரத்து நியாய அளவுகோலைப் பின்பற்றும் நாடுகளில் போட்டித் தடையைவிட எளிதாக ஏற்கப்படுகிறது. நீங்கள் நேரடியாகப் பழகிய வாடிக்கையாளர்களோடும் குறுகிய காலத்தோடும் அது நின்றால் இன்னும் வலுப்பெறும். வடிவமைப்பில் இருக்கும் உங்களுக்கு அது பெரிய இடையூறாக இருக்கும் என்று தோன்றவில்லை. பயிற்சிச் செலவு பற்றிய பாண்டு தனி வகை. அது உங்களைப் போக விடாமல் தடுப்பதில்லை, போனால் பணம் கேட்கிறது. 2025 மே மாதத்தில் இந்திய உச்ச நீதிமன்றம், மூன்றாண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனையை, அது பணிக்காலத்துக்குள் அடங்கும் கட்டுப்பாடு என்றும், பொதுத்துறை வங்கி புதிதாக ஆள் எடுப்பதற்கு ஆகும் செலவை நோக்க அந்தத் தொகை மிகையல்ல என்றும் ஏற்றுக்கொண்டது. இதை வைத்து எந்தத் தொகை எழுதினாலும் செல்லும் என்று எண்ணிவிட முடியாது. உண்மையான இழப்போடு தொடர்பில்லாத, அச்சுறுத்துவதற்காகவே எழுதப்பட்ட தொகையைப் பல நாட்டு நீதிமன்றங்கள் குறைத்துவிடும் அல்லது மறுத்துவிடும்.

விலகும் விதமும் முக்கியம். நிறுவனமே ஒப்பந்தத்தை மீறி உங்களை முறையின்றி நீக்கினால், இங்கிலாந்துச் சட்டத்தில் 1909-ஆம் ஆண்டின் ஜெனரல் பில்போஸ்டிங் வழக்கின்படி, பின்னால் வரும் தடைகளிலிருந்து நீங்கள் விடுபடுகிறீர்கள். நீங்களாக விலகும்போது இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே நோட்டீஸ் காலத்தை முழுமையாக முடித்துக் கொடுங்கள். அந்தக் காலத்தில் புதிய நிறுவனத்துக்காக ஒரு சிறு வேலையைக்கூடச் செய்யாதீர்கள். பணியில் இருக்கும் வரை நிறுவனத்துக்கு விசுவாசமாக நடக்கும் கடமை, எந்த ஷரத்தும் இல்லாமலே, உங்கள் மேல் இருக்கிறது.

தென்னங்கீற்று அவர்கள் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நியாய அளவுகோல் நிலவும் நாடுகளில் இந்த வழக்குகள் முழு விசாரணை வரை போவது அரிது. ஆறு மாதத் தடைக்கு ஓராண்டு விசாரணை நடத்துவதில் பொருளில்லை என்பதால், இடைக்காலத் தடை கேட்கும் முதல் சில வாரங்களிலேயே வழக்கின் முடிவு பெரும்பாலும் தெரிந்துவிடும். வழக்கில் முகாந்திரம் இருக்கிறதா, தடை விதிப்பதாலும் மறுப்பதாலும் யாருக்கு அதிக இழப்பு, அந்த இழப்பைப் பின்னால் பணத்தால் ஈடுசெய்ய முடியுமா என்பவற்றையே நீதிபதி அப்போது பார்க்கிறார். எனவே நோட்டீஸ் வந்தால் பதிலைத் தள்ளிப்போடாதீர்கள். ஷரத்தைப் பற்றிப் புதிய நிறுவனத்திடம் இப்போதே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். வழக்கு வந்தால் உங்கள் சட்டச் செலவை அவர்கள் ஏற்பார்களா, பணியில் சேரும் நாள் தள்ளிப்போனால் சம்பளம் தருவார்களா என்று கேட்டு, அந்த உறுதியை ஆஃபர் லெட்டரிலேயே எழுதி வாங்குங்கள். ராஜினாமாக் கடிதம் அதற்குப் பிறகு போகட்டும்.